சென்னையில் தெரு பெருக்கும் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ. அதில் 200 வார்டுகள். 2011-க்கு முன்பு 174 சதுர கி.மீ.யும் 155 வார்டுகளுமாக இருந்த நகரம் இது. இன்று பேருந்து ஓடும் சாலைகள் ஏறக்குறைய 387 கி.மீ.; உட்புறத் தெருக்கள் 5,000 கி.மீ.க்கு மேல். முதல் வகையை இரவில் இயந்திரமும், இரண்டாவதைக் காலையில் துடைப்பமும் பார்த்துக்கொள்கின்றன. எந்த வகைத் தெருவானாலும், அது சுத்தமாக இருக்கிறதா இல்லையா என்பது நடைபாதையை ஒட்டிய ஒன்றரை அடியில்தான் தெரியும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்த ஒன்றரை அடியைப் பற்றியவை.

என் தெருவைத் தினமும் பெருக்க வேண்டுமா?

எல்லாத் தெருவுக்கும் அது தேவையில்லை. சந்தை, கடைவீதி, பேருந்து நிறுத்தம், கோயில், மருத்துவமனை, பள்ளி வாசல் இவற்றுக்கு ஞாயிறு, விடுமுறை உட்பட தினமும் தேவை. பெரிய கடைவீதிகளுக்கு இரவில் இன்னொரு முறையும் வேண்டும். நெருக்கமான குடியிருப்புத் தெருவுக்கும் தினமும் நல்லது. வண்டி அதிகம் வராத, மரம் குறைந்த முட்டுச்சந்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளோ வாரம் இரு முறையோ போதும்.

முட்டுச்சந்தையும் கடைவீதியையும் ஒரே பட்டியலில் போட்டு 'தினமும்' என்று எழுதிவிட்டால், ஆள் பற்றாக்குறை வரும் நாளில் எதை விடுவது என்று யாருக்கும் தெரியாமல் போகும். அப்போது விடுபடுவது பெரும்பாலும் கடைசிச் சந்து. அதே சந்து தொடர்ந்து பத்து நாள் விடுபட்டால், ஓரத்தில் சேர்ந்த மண்ணைத் துடைப்பத்தால் எடுக்க முடியாத நிலை வந்துவிடும்.

ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு தூரம் பெருக்க முடியும்?

மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2000-ல் வெளியிட்ட திடக்கழிவுக் கையேட்டில் ஓர் அளவு உண்டு. மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதியிலும் சந்தையிலும் ஓர் ஆளுக்கு 250 முதல் 350 மீட்டர் சாலை. நடுத்தர நெருக்கத்தில் 400 முதல் 600 மீட்டர். நெருக்கம் குறைந்த இடத்தில் 650 முதல் 750 மீட்டர்.

காகிதத்தில் 600 மீட்டர் சிறியதாகத் தெரியும். தெருவுக்கு இரண்டு ஓரம் உண்டு என்பதால் பெருக்கும் தூரம் 1.2 கி.மீ. ஆகிவிடுகிறது. அதில் ஒவ்வொரு அடிக்கும் துடைப்பத்தை இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டும். வழியில் நிற்கும் ஒவ்வொரு வண்டியையும் சுற்றிப்போக வேண்டும், குவித்ததை அள்ளி வண்டியில் போட வேண்டும், நிறைந்த வண்டியைத் தள்ளிப்போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். கொட்டும் இடம் அரை கி.மீ. தள்ளி இருந்தால் வேலை நேரத்தின் பெரும் பகுதி நடையிலேயே கழியும். ஆள் போதவில்லை என்ற புகார் வரும்போது முதலில் பார்க்க வேண்டியது கொட்டும் இடம் எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

எந்தத் துடைப்பம் சரியானது?

தென்னை ஈர்க்குத் துடைப்பம், நீளமான கம்பில் கட்டியது. கம்பு ஏறக்குறைய பெருக்குபவரின் தோள் உயரம் இருக்க வேண்டும். குட்டைத் துடைப்பத்தால் நாள் முழுக்கக் குனிந்து பெருக்குகிறவருக்கு இடுப்பு போய்விடும். ஒரு வீச்சில் பெருக்கும் அகலமும் பாதியாகிவிடும்.

கட்டு எவ்வளவு இறுக்கம் என்பதிலும் விஷயம் உண்டு. இறுக்கமாகக் கட்டினால் ஈர்க்குகள் விறைப்பாக நின்று மண்ணைச் சுரண்டி இழுக்கும். கொஞ்சம் தளர்த்தினால் விரிந்து இலையை அள்ளிக்கொண்டு வரும். பெருக்கிக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பகுதியைத் தரையில் 'டப் டப்' என்று தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நழுவி இறங்கிய ஈர்க்குகளைக் கட்டுக்குள் ஏற்றி, நுனிகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரத்தான் அது. நுனி மட்டம் தவறினால் துடைப்பம் மண்ணில் கோடு போடுமே தவிர மண்ணை எடுக்காது. தேய்ந்து முக்கால் முழத்துக்குக் குறைந்த துடைப்பத்தை மாற்றித் தர வேண்டும். மாற்றுத் துடைப்பம் வரத் தாமதமாகும் இடங்களில் பணியாளர்கள் சொந்தக் காசில் வாங்குகிறார்கள். இது நடக்கக் கூடாத ஒன்று.

பெருக்கிக் குவித்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்களே?

அதிகம் வரும் புகார் இதுதான், நியாயமான புகாரும்கூட. ஒருவர் பெருக்கிக் குவிப்பது, இன்னொருவர் பின்னால் வந்து அள்ளுவது என்று வேலையைப் பிரித்த இடங்களில் இது நடக்கும். இரண்டாமவர் வர அரை மணி நேரம் தாமதமானாலே போதும். மாநகரப் பேருந்து ஒன்று கடந்தால் குவியலில் பாதி பறந்துவிடும், மிச்சத்தை மாடு கலைத்துவிடும்.

பெருக்குபவரிடமே தள்ளுவண்டியும் முறமும் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒரு சிறு குவியல், உடனே முறத்தில் அள்ளி வண்டியில். வண்டியில் ஒரே பெரிய தொட்டிக்குப் பதிலாக 30 – 40 லிட்டர் வாளிகள் நான்கு அல்லது ஆறு இருந்தால் தூக்கிக் கொட்டலாம். மண் ஒன்றில், இலை ஒன்றில், பிளாஸ்டிக் ஒன்றில் என்று அங்கேயே பிரித்தும்விடலாம். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படியும், எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படியும் நடக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானால் வண்டிகளைப் பார்த்தபடி நடப்பதே முக்கியம்.

பெருக்கும் இயந்திரத்தை எங்கள் தெருவுக்கும் அனுப்பலாமே?

லாரி மேல் பொருத்திய இயந்திரத்துக்கு மூன்று தேவைகள். மேடுபள்ளம் இல்லாத தார் அல்லது கான்கிரீட் தளம், ஓரத்தில் தெளிவான தடுப்புக் கல், அந்தக் கல்லை ஒட்டி வண்டி எதுவும் நிற்காத நீண்ட தூரம். உட்புறத் தெருவில் பெரும்பாலும் இந்த மூன்றுமே கிடைக்காது. தார் முடிந்த இடத்தில் மண் தரை தொடங்கினால் இயந்திரம் மண்ணை எடுத்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் தொட்டி நிறையும், தெரு சுத்தமாகாது.

மேம்பாலங்களில் நிலைமை தலைகீழ். அங்கே ஆளை நிறுத்திப் பெருக்கச் சொல்வது உயிருக்கு ஆபத்து. ஓரத்து மண் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துவிட்டால் பாலத்தின் மேலேயே தண்ணீர் நின்று இருசக்கர வண்டிகள் சறுக்கும். மேம்பாலத்துக்கு இரவில் இயந்திரம், அதன் பின்னால் எச்சரிக்கை விளக்கோடு ஒரு வண்டி. வேறு வழி இல்லை.

இயந்திரம் போன பிறகும் மண் கோடு அப்படியே கிடக்கிறது. ஏன்?

பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்றுதான் காரணம்.

வேகம். மணிக்கு 5 முதல் 10 கி.மீ. வரைதான் வேலை செய்யும் வேகம். விடிவதற்குள் முடிக்க வேண்டும் என்று 20-ல் ஓட்டினால் பிரஷ் மண்ணைத் தொட்டுவிட்டுப் போகும், உறிஞ்சும் வாய்க்குக் கொண்டுசேர்க்காது.

பக்கவாட்டு பிரஷ்ஷின் சாய்வு. வட்டமான அந்த பிரஷ் முழுவதும் தரையில் படியக் கூடாது. முன்பக்கமும் கல்லை ஒட்டிய பக்கமும் மட்டும் பட வேண்டும். சோதிப்பது எளிது. தூசி படிந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, பிரஷ்ஷைச் சில நொடிகள் சுழலவிட்டு, தூக்கிப் பாருங்கள். தரையில் பிறை வடிவத் தடம் விழுந்திருந்தால் சரி. முழு வட்டம் விழுந்திருந்தால் பிரஷ் அதிகமாக அழுந்துகிறது. கம்பிகள் வளைந்து, மண்ணை உள்ளே தள்ளாமல் வெளியே தெறிக்கவிடும், சீக்கிரம் தேயவும் தேயும்.

தண்ணீர். பிரஷ்ஷுக்கு முன்னால் உள்ள தெளிப்பான்கள் தூசியை அடக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் புழுதி கிளம்பி நடைபாதையில் தூங்குபவர் முகத்தில் படியும். தண்ணீர் அதிகமானால் மண் சேறாகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

அடைப்பு. பூமாலை நாரும் பிளாஸ்டிக் பையும் பிரஷ்ஷின் தண்டில் சுற்றிக்கொள்ளும். தென்னம்பாளையும் இளநீர்க் கூடும் உறிஞ்சும் வாயில் குறுக்கே மாட்டும். இயந்திரத்துக்கு முன்னால் ஓர் ஆள் போய்ப் பெரிய பொருள்களைப் பொறுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று ஓட்டுநர்கள் கவனிக்க வேண்டியது. 6 கன மீட்டர் தொட்டியை இலையால் நிரப்பலாம், மண்ணால் நிரப்பக் கூடாது. உலர்ந்த மணல் ஒரு கன மீட்டர் சுமார் 1.5 டன். தொட்டி நிறைந்தால் 9 டன். அச்சு தாங்காது.

ஓரத்தில் கிடக்கும் வண்டிகளை என்ன செய்வது?

நியூயார்க்கில் பல தெருக்களில் பெருக்கும் கிழமையையும் நேரத்தையும் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வண்டி நின்றால் அபராதம். அடுத்த முறை எதிர்ப்பக்கம். நம் ஊரின் உட்புறத் தெருக்களில் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் அபராதம் இல்லாமலே அதைச் செய்யலாம். குடியிருப்போர் சங்கம் வார்டு அலுவலகத்தோடு பேசி, மாதத்தில் ஒரு ஞாயிறு கிழக்கு ஓரம், இன்னொரு ஞாயிறு மேற்கு ஓரம் என்று இரண்டு மணி நேரம் வண்டிகளை எடுத்துவிட்டால் போதும். ஒரே காலையில் பல மாத மண் வெளியே வரும். வார்டு அலுவலகத்துக்குத் தேதி தெரியாமல் வண்டியை மட்டும் எடுத்தாலும், வண்டி எடுக்காத தெருவுக்கு ஆளை மட்டும் அனுப்பினாலும் பயன் இல்லை.

காற்று இறங்கி, செடி முளைத்துக் கிடக்கும் கைவிடப்பட்ட வண்டிகள் இருந்தால் அதைத் தனிப் புகாராகக் கொடுங்கள். பெருக்குபவரால் அதை நகர்த்த முடியாது.

இவ்வளவு மண் எங்கிருந்து வருகிறது?

மூடாமல் போகும் மணல், ஜல்லி லாரிகள், வீடு கட்டும் இடத்தில் ரோட்டில் கொட்டிய எம்-சாண்ட், மெட்ரோ, குடிநீர்க் குழாய், மின்கேபிள் என்று தோண்டி மூடிய பள்ளங்கள், உடைந்த தார் விளிம்பு. வண்டிகள் இதை நசுக்கி நசுக்கி ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓரத்தில் ஓர் அடி அகலம், ஒரு செ.மீ. கனத்தில் மண் படிந்திருக்கிறது. பார்த்தால் பெரிதாகத் தெரியாது. 100 மீட்டர் நீளத்துக்கு இரண்டு ஓரமும் சேர்த்து அது 0.6 கன மீட்டர், அதாவது சுமார் 900 கிலோ. ஆறு வாளித் தள்ளுவண்டியின் கொள்ளளவு 240 லிட்டர். அதை மணலால் நிரப்பினால் 360 கிலோ. ஒரு பெண் பணியாளர் அதைத் தள்ள முடியுமா? ஆகவே படிந்த மண் தினசரிப் பெருக்கலில் போகாது. மண்வெட்டி, நான்கைந்து பேர், ஒரு சிறிய சரக்கு வண்டி என்று தனியாக நாள் குறித்து எடுக்க வேண்டும். மாநகராட்சியில் இதற்கு 'மாஸ் கிளீனிங்' என்று பெயர். வீட்டுக்கு முன்னால் கட்டுமான மணல் கொட்டியிருப்பவர் தினமும் மாலையில் சிதறியதை அள்ளிக் குவியலில் போட்டு, தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் ஒரு வரிசைச் செங்கல் வைத்தால் அந்தத் தெருவின் பாதிப் பிரச்சினை தீரும்.

பெருக்குவதற்கும் மழைவெள்ளத்துக்கும் என்ன தொடர்பு?

சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழைநீர் வடிகாலின் நுழைவாய் தெரு ஓரத்தில்தான் இருக்கிறது. அதன் உள்ளே மண் தங்குவதற்கென்று வண்டல் குழி கட்டியிருப்பார்கள். ஓரத்து மண்ணை எடுக்காவிட்டால் முதல் மழையே அதைக் குழியில் கொண்டுபோய்க் கொட்டும். இரண்டாவது மழையில் குழி நிரம்பும். மூன்றாவது மழையில் தண்ணீர் தெருவிலேயே நிற்கும். கோடிக்கணக்கில் செலவழித்த வடிகால் கீழே காலியாக இருக்க, மேலே முழங்கால் தண்ணீர் நிற்கும் காட்சிக்குப் பல இடங்களில் காரணம் இந்த அரையடி வாய்தான்.

பெருக்கும்போது மண்ணையும் இலையையும் அந்த வாய்க்குள் தள்ளிவிடுவது வேலையைச் சுருக்கும் தவறான வழி. பார்த்தால் தயங்காமல் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களும் இதைச் செய்கிறோம். காலையில் வாசல் பெருக்கித் தெளித்து, கோலம் போடுவதற்கு முன் குப்பையை ரோட்டுப் பக்கமோ வடிகால் ஓட்டைக்கோ தள்ளுகிறோம். அதை முறத்தில் அள்ளி வீட்டுத் தொட்டியில் போட அரை நிமிடம் ஆகாது.

ஆகஸ்ட், செப்டம்பரில் ஓர மண்ணை எடுத்து முடித்திருக்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், தரை ஈரம் காய்ந்தும் காயாமலும் இருக்கும் நேரம் பெருக்க மிக நல்லது. புழுதி கிளம்பாது, மண் திரண்டு வரும். சொதசொத என்று இருக்கும்போது துடைப்பத்தால் இழுத்தால் பூசிவிடும், அப்போது மண்வெட்டிதான்.

இலைச் சருகை எரிக்கலாமா?

கூடாது. 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே இதைத் தனியாகச் சொல்லின: தெருவில் பெருக்கிய இலைகளைப் பணியாளர்கள் எரிக்கக் கூடாது, தனியே சேர்த்து ஒப்படைக்க வேண்டும். வேம்பும் புங்கமும் இலை உதிர்க்கும் மாசி, பங்குனியில் ஒரு மரத்தடியிலேயே தினம் ஒரு சாக்கு சேரும். அந்த வாரங்களில் மரம் அடர்ந்த தெருக்களுக்குக் கூடுதல் ஆள் வேண்டும். மண்ணும் பிளாஸ்டிக்கும் கலக்காத சருகு நல்ல உரம். பூங்காவில் குழி எடுத்துச் சாணிக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். மண் கலந்த சருகு எதற்கும் உதவாமல் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கோ பெருங்குடி கிடங்குக்கோ போய்ச் சேரும்.

காலையில் பெருக்கிய கடைவீதி பதினொரு மணிக்கே குப்பையாகிவிடுகிறதே?

நேரம் பொருந்தாததுதான் காரணம். பணியாளர் ஆறு மணியை ஒட்டி வருகிறார். கடை பத்து மணிக்குத் திறக்கிறது. திறந்ததும் கடைக்காரர் உள்ளே பெருக்கி, அட்டைத் துணுக்கையும் நூலையும் வாசலுக்குத் தள்ளுகிறார். அடுத்த துடைப்பம் மறுநாள்தான் வரும். கடைவீதிகளைக் கடை அடைத்த பிறகு இரவில் பெருக்குவதும், கடைக்காரர்கள் தங்கள் குப்பையை வாசலிலேயே ஒரு தொட்டியில் வைத்திருப்பதும் சேர்ந்தால்தான் சரியாகும். தள்ளுவண்டி வியாபாரிகளும் தொட்டி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இளநீர்க் கூட்டைச் சாதாரணக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும்.

பெருக்கிய பிறகு ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டால் சுத்தமா?

இல்லை. அழுக்கின் மேல் தூவினால் குளோரின் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், வெயிலிலும் வீரியம் இழக்கும். மிஞ்சுவது வெள்ளைக் கோடு. அதைக் கையால் தூவும் பணியாளரின் கண்ணும் மூச்சும் எரியும். திருவிழாவுக்கும் தலைவர்கள் வருகைக்கும் போடும் அந்தக் கோட்டைவிட, அதே நேரத்தில் நான்கு கூடை மண்ணை எடுப்பதே மேல்.

பண்டிகை நாட்களில்?

தீபாவளி: பட்டாசுக் காகிதத்தில் வேதிப்பொருள் ஒட்டியிருக்கும். அதைத் தனிப் பைகளில் சேர்த்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவு மையத்துக்கு மாநகராட்சி அனுப்புகிறது. உங்கள் வாசல் வெடிக்குப்பையை வீட்டுக் குப்பையோடு கலக்காதீர்கள். வெடிக்காத பட்டாசு கிடந்தால் தண்ணீர் ஊற்றி நனைத்த பிறகே பெருக்க வேண்டும்.

ஆயுதபூஜை: நடுரோட்டில் உடைத்த பூசணிக்காயைத் துடைப்பத்தால் இழுத்தால் வழுக்கல் இன்னும் பரவும். மண்வெட்டியால் அள்ளிவிட்டு அந்த இடத்தில் மணல் தூவ வேண்டும். சுற்றிப் போட்டவரே ஓரமாக உடைத்து அள்ளிவிட்டால் ஒரு விபத்து தவிரும். போகி அன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரித்த இடத்தில் தார் உருகி, உள்ளே பதிந்த கம்பியை எடுக்க உளி தேவைப்படும்.

எங்கள் தெருவைப் பெருக்குவது மாநகராட்சியா, தனியாரா?

மண்டலத்தைப் பொறுத்தது. 2000-ல் ஓனிக்ஸ் நிறுவனத்தோடு மூன்று மண்டலங்களில் தனியார்மயம் தொடங்கியது. 2007-ல் நீல் மெட்டல் ஃபனல்கா வந்தது. 2020-ல் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு உள்ளிட்ட 7 மண்டலங்கள் உர்பேசர் சுமீத் நிறுவனத்துக்குப் போயின. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்டில் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு நாட்கணக்கில் போராடினார்கள். சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் ஒரே ஒப்பந்தத்தால் மாறிப்போகிறவர்களின் கோரிக்கை அது. தெரு பெருக்குவதைப் பற்றிப் பேசும்போது அதை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேச முடியாது.

பணியாளரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

ஓர மண், விட்டுப்போன குவியல், வடிகால் வாயில் தள்ளிய குப்பை இவற்றைக் கேட்கலாம். சாக்கடை மேன்ஹோலில் இறங்கச் சொல்வது, கையால் கழிவு அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ன் சட்டப்படி குற்றம். சாக்கடை அடைப்பு மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர், கழிவுநீர் வாரியத்தின் வேலை. வீட்டு இடிபாடு, பழைய மெத்தை, தோட்டக் கிளை இவற்றைப் பெருக்குபவரின் வண்டியில் ஏற்றச் சொல்லாதீர்கள். அதற்குத் தனி வண்டி உண்டு. சீருடை, ஒளிரும் மேல்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் ஆறும் கொடுப்பது வேலை தருபவரின் கடமை. செருப்போடு ஒருவர் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்குவதைக் கண்டால் அதையும் புகாராக எழுதுங்கள், அவர் பெயரைக் குறிப்பிடாமல்.

புகார் எப்படிக் கொடுத்தால் வேலை நடக்கும்?

1913 என்ற எண்ணிலோ 'நம்ம சென்னை' செயலியிலோ கொடுங்கள். 'தெரு அசுத்தம்' என்று எழுதினால் ஆள் வந்து ஒருமுறை பெருக்கிவிட்டுப் புகாரை முடித்துவிடுவார். என்ன வேலை தேவை என்பதை எழுதுங்கள்: 'மூன்று நாளாகப் பெருக்கவில்லை', 'குவியல் அள்ளவில்லை', 'ஓரத்தில் மண் படிவு, மண்வெட்டி வேலை', 'கட்டட இடிபாடு', 'இறந்த நாய்'. ஒவ்வொன்றுக்கும் வரும் ஆளும் வண்டியும் வேறு. வார்டு எண், தெருப் பெயர், எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை, எந்தப் பக்க ஓரம் என்பதையும் சேருங்கள். புகைப்படத்தில் மண்ணின் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து எடுத்தால் கனம் எவ்வளவு என்று பார்ப்பவருக்குப் புரியும். ஆள் போதுமா, வண்டி வேண்டுமா என்று அவர் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடலாம். காலை 9 மணிக்கு முன் எடுத்த படமாக இருந்தால், அன்றைய பெருக்கல் நடக்கும் முன்பா பின்பா என்ற கேள்வி வரும். ஆகவே நேரத்தையும் குறிப்பிடுங்கள்.